பிலோமினாவின் அன்னக்கூடை

அரங்க விளக்குகளை அணைக்கக் கூடாது என்று பிலோமினா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "குந்திகினு கீறவங்க மூஞ்சி எனக்குத் தெரியணும்" என்பது அவர் சொன்ன காரணம். அதனால் மேடையிலும் கீழேயும் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. அவர் செருப்பைப் படிக்கட்டின் ஓரத்தில் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். இடுப்பில் அலுமினிய அன்னக்கூடை. கையில் குழம்புக் கரண்டி.

காசிமேட்டில் இறால் உரிக்கப் போகும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருக்கும். அகன்ற வாய், நசுங்கிய விளிம்பு. எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் இறால் வாசனை போகாது. எங்கள் கல்லூரி விருந்தினர் விடுதியில் பிலோமினாவின் கட்டிலுக்கடியில் அது இருந்தது. அந்த அறையைப் பெருக்கும் பெண் தினமும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் வெளியே வருவாள்.

மேடையேறிய பிலோமினா வணக்கம்கூடச் சொல்லவில்லை. கரண்டியை ஓங்கி அடித்தார். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவரின் கையிலிருந்த காகிதங்கள் நழுவி விழுந்தன. மறுபடி அடித்தார். மறுபடி. அந்தச் சத்தம் பல் கூசுகிற மாதிரி இருந்தது.

மாணவிகள் முதலில் திகைத்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருத்தி, அடிக்கு அடி கைதட்டத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். சிறிது நேரத்தில் அரங்கமே தாளம் போட்டது. பிலோமினா வேகமாக அடித்தார். அவர்களும் வேகமாகத் தட்டினார்கள். ஒருத்தி விசில் அடித்தாள்.

பிலோமினா நிறுத்தினார். மூச்சு வாங்கியது. மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒருத்திகூட எழுந்து வரலியே" என்றார்.

சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. சிரிச்சி முட்ச்சிட்டு அப்பால கேளுங்க. எங்க சந்துல இத தட்டுனா, சோறு வடிச்சிகினு கீறவ சட்டிய அப்டியே போட்டுட்டு ஓடியாருவா. புள்ளைக்கிப் பால் குடுக்கிறவ புள்ளைய இஸ்துகினு ஓடியாருவா. தட்டுனா எழுந்து வரணும். நீங்க இன்னாடான்னா குந்திகினு கை தட்டுறீங்க."

அதற்கும் கைதட்டினார்கள்.

உறைவிட நல்கை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விடுதியின் சாவிப் பலகையைப் பற்றி எழுதியிருந்தேன். எந்தச் சாவி எந்தக் கொக்கியில் என்பதில் நான் காட்டும் பிடிவாதத்தைப் படித்துவிட்டு வாசகி ஒருவர், "அந்த அறைகளில் தங்கியவர்கள் யார்?" என்று கேட்டிருந்தார். கேட்டது சரிதான். சாவிகளைப் பற்றி எழுதிவிட்டு ஆட்களை விட்டுவிட்டேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய பெண்கள் கல்லூரி எங்களுடையது. காற்று வடக்கிலிருந்து வீசினால் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை நெடி வரும். கிழக்கிலிருந்து வீசினால் கருவாடு. தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெண்களுக்காகவும் மனித உரிமைக்காகவும் களத்தில் வேலை செய்கிறவர்கள், ஒரு பருவம் கல்லூரி வளாகத்திலேயே தங்கலாம். சாப்பாடு, அறை, நூலகம் எல்லாம் உண்டு. வாரம் ஒருமுறை மாணவிகளோடு பேச வேண்டும். போகும்போது தங்கள் அனுபவத்தை ஒரு பதிவாக விட்டுச்செல்ல வேண்டும். தாள்களில் அதற்கு 'உறைவிட நல்கை' என்று பெயர். நாங்கள் ஃபெலோஷிப் என்போம். பிலோமினா 'ரெஸ்ட் எடுக்கிற உத்தியோகம்' என்பார்.

விடுதிப் பொறுப்பு அன்றிலிருந்தே என்னிடம்தான். வந்தவர்களில் பலரும் முதல் வாரம் தூங்கினார்கள். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைக் குடும்பங்களை மீட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், சாப்பிடும் நேரம் தவிர எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "ஒண்ணுமில்லைங்க. கதவைத் தட்ட யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் தூக்கம் வருது" என்றார். திருநங்கை ஒருவர் வந்தபோது, எந்தக் குளியலறை என்று நிர்வாகம் ஒரு வாரம் கூடிப் பேசியது. அவர் அதுவரை என் அறைக் குளியலறையைப் பயன்படுத்தினார். எங்கள் கூட்டங்களைப் பற்றி அவர் அடித்த கிண்டல்களை இங்கே எழுத முடியாது.

பிலோமினா தூங்கவில்லை. ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய ஒரு சந்தில் அவர் வீடு. கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும் சாலை அது. இரவு பகலாக ஹாரன் கேட்டே பழகியவருக்கு எங்கள் வளாகத்தின் அமைதி ஒத்துவரவில்லை.

"டீச்சர், இன்னா இது, சாவு வூடு கணக்கா கீது?" என்று முதல் நாளே கேட்டார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சர்தான் டீச்சர்" என்றார்.

சேருவதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சந்திலிருந்து யார் வந்து கூப்பிட்டாலும், எந்த நேரமானாலும், கேட்டைத் திறந்துவிட வேண்டும். காவலாளியை அழைத்து அவர் முன்னாலேயே சொன்னேன்.

தாகம்

அந்த அன்னக்கூடை வழக்கம் எப்படி வந்தது என்பதை ஒரு மாலை என் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இறால் கொட்டகையில் வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அடிபம்பில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் கஸ்தூரி என்ற பெண்ணை அவள் புருஷன் அடித்துக்கொண்டிருந்தான். அது தினமும் கேட்கும் சத்தம்தான். பிலோமினாவுக்கு அன்று தாகம்.

"நெசமாவே தாகம் டீச்சர். நாயம் கேக்கப் போவல. கை பூரா எறா முள்ளு குத்தி எரியுது, கதவத் தட்ட முடியல. அன்னக்கூடையால கதவ இடிச்சேன். தண்ணி குடுன்னேன். உள்ள சத்தம் நின்னுச்சி. அந்தாளு சொல்றான், ஏய், பிலோமினாக்கு தண்ணி கேக்குது, போய்க் குடுன்னு. அந்தப் பேமானிதான் சொன்னான்!"

கஸ்தூரி உதடு கிழிந்து சொம்போடு வாசலுக்கு வந்தாள். பிலோமினா குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு இன்னொன்று. உள்ளே இருந்தவன் படுத்துத் தூங்கும்வரை குடித்துக்கொண்டே நின்றார்.

"வவுறு இம்மாம் உப்பிப்போச்சு. ராவெல்லாம் கொல்லைக்கி ஓடிகினு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஆனா பாத்துக்க டீச்சர். எம்மாம் பெரிய கேடியா இருந்தாலும் தண்ணி இல்லன்னு சொல்ல மாட்டான். லாரித் தண்ணிக்கி அடிச்சிக்கிற ஊரு இது. தண்ணி கேட்டு இல்லன்ன வூடுன்னு பேரு வாங்கிட்டா அப்பால அவன் தெருவுல நிக்க முடியாது."

அதுவே வழக்கமாயிற்று. ஒரு வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், முதலில் கேட்டவள் தன் அன்னக்கூடையைத் தட்டுவாள். கேட்டவர்கள் எல்லோரும் தட்டிக்கொண்டு அந்த வாசலுக்கு வருவார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது. திட்டக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. தாகமாயிருக்கிறது, தண்ணி குடு என்று மட்டும் கேட்பார்கள். அடிபட்டவள் சொம்போடு வாசற்படியைத் தாண்டுவாள். தாண்டியதும் அவளைச் சுற்றி நின்றுகொள்வார்கள். அவ்வளவுதான். போலீஸ், மருத்துவமனை, அம்மா வீடு எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு கட்டளை மட்டும் மிகக் கண்டிப்பானது. வேறு எதற்கும் தட்டக் கூடாது. கோயில் திருவிழாவுக்குக் கூடாது, மாதா தேருக்குக் கூடாது, நாய் விரட்டக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டினால் முதுகில் ஒன்று விழும்.

"அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் டீச்சர். ரெண்டாவது அர்த்தம் வந்துச்சின்னா ஒருத்தி செத்துப்பூடுவா."

சாதாரணமாகத்தான் சொன்னார். தேநீர் டம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கிக்கொண்டே.

ரேடியோ

அன்று நானும் ஒரு கதை சொன்னேன். என் அப்பா ரயில்வேயில் எழுத்தர். நாங்கள் ராயபுரத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில், மாதத்தில் சில நாட்கள் அந்தச் சத்தம் வரும். அப்பா எழுந்து போய் ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார். பெரும்பாலும் விலைவாசி நிலவரம் ஓடிக்கொண்டிருக்கும். துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி. அம்மா தலையைக் குனிந்துகொண்டு சாதம் பரிமாறுவாள். இப்போதும் ரேடியோவில் யாராவது விலை வாசித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கத்து வூட்டு அம்மா இன்னா ஆனாங்க?"

"மாற்றலாகிப் போய்விட்டார்கள்."

"ஒங்க நைனா நல்லவரு. காதுல விழுது, தாங்க முடியல. அதான் ரேடியோ வச்சாரு. தாங்கறவங்கதான் கம்முனு சாப்புடுவாங்க" என்றார்.

இதை அவர் ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இன்னொரு தபா

அரங்க நிகழ்ச்சி முடிந்ததும் திட்ட இயக்குநர் பிலோமினாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர் நல்ல மனுஷி. இதை நான் எழுதியே ஆக வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதை நீங்க பதிவு பண்ணணும் பிலோமினா. உங்க தெருவிலேயே. வீடியோவா எடுத்துடலாம்."

பிலோமினாவுக்கு எழுத வராது. மற்றவர்கள் கட்டுரையாகக் கொடுத்ததை அவர் படமாகக் கொடுக்கலாம் என்பது இயக்குநரின் எண்ணம்.

"எங்க சந்துல வேற எதுக்கும் தட்டக் கூடாதும்மா" என்றார் பிலோமினா.

"ஒரு தடவைதானே?"

பிலோமினா பல நாள் யோசித்தார். காத்திவாக்கத்திலிருந்து மீனவப் பெண்கள் சிலர், தங்கள் குப்பத்துக்கும் வந்து சொல்லித்தரும்படி முன்பே கேட்டிருந்தார்கள். வியாசர்பாடியிலிருந்தும் கேட்டிருந்தார்கள். அவரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. படம் போகும். அதுதான் அவரைச் சம்மதிக்க வைத்தது. அதைத் தவிர வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை.

படப்பிடிப்புக்கு நானும் போனேன். சந்தே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெண்கள் எல்லோரும் நல்ல புடவையில், பவுடர் பூசி, பூ வைத்து நின்றார்கள். வீடியோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, வீட்டுல கட்ற புடவைல வாங்க. அப்பதான் நிஜம் மாதிரி இருக்கும்."

"டிவில பழம்பொடவையோட வர்றதா?" என்றாள் கஸ்தூரி. "எம் மாமியா பாத்தா இன்னா சொல்லும்? நீ எடுய்யா. பொடவைய பாக்காத, மூஞ்சிய பாரு."

அடிபடும் மனைவியாக நிற்க யாரும் முன்வரவில்லை. கஸ்தூரியைக் கேட்டார்கள். "நெசமா வாங்கனவ நான். இப்ப நடிச்சி வேற காட்டணுமா?" என்று கையை விரித்தாள்.

அப்போதுதான் கடைசி வீட்டிலிருந்து செல்வி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். புருஷன் தாஸ் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். அதிர்ந்து பேசாதவன் என்று சந்தில் பெயர்.

"நான் வர்றேன்க்கா. நானு ஒரு அடி வாங்கனதில்ல. அதனால எனக்கு ஒட்டாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்னக்கூடைகள் தட்டப்பட்டன. பெண்கள் வாசலில் கூடினார்கள். பிலோமினா தண்ணி குடு என்று கேட்டார். செல்வி சொம்போடு வந்தாள், வரும்போதே சிரித்துவிட்டாள். "இன்னொரு தபா" என்றார் வீடியோக்காரர். அவருக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முறை லாரி ஹாரன் குறுக்கிட்டது. இன்னொரு தபா. அதற்கடுத்து தண்ணீர் கீழே கொட்டியது. இன்னொரு தபா.

"யக்கா, கொடம் காலியாவுது" என்று உள்ளேயிருந்து செல்வி கத்தினாள். "நாளிக்கி லாரி வரலன்னா கேமராக்காரர் வூட்ல வந்து குளிப்பேன், சொல்லிட்டேன்!"

"வா, வா. எம் பொண்டாட்டி வெளக்குமாத்தோட நிப்பா" என்றார் அவர்.

அந்தச் சந்து அத்தனை சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

வீடியோக்காரர் இன்னொரு நாளும் போனார். கரண்டி அன்னக்கூடையில் படுவதை அருகிலிருந்து எடுக்க வேண்டுமாம். பிறகு, சத்தம் மட்டும் தனியாக வேண்டும் என்று, சந்தில் யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் என்னையும் பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனார். ஒவ்வொரு முறையும் பெண்கள் அவசரமாக உள்ளே ஓடிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

கடைசி முறை போய்விட்டுத் திரும்பியபோது பஸ்ஸில் பிலோமினா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

"டீச்சர், சின்னப் பசங்க தட்டிகினு ஓடுதுங்க. பாத்தியா?"

"பார்த்தேன்."

"நான் அடிக்கல. இன்னான்னு சொல்லி அடிப்பேன்? தட்டச் சொன்னவளே நான்தானே."

நல்ல புடவை

மழை வருவது போலப் புழுங்கிய ஒரு பிற்பகல். நானும் பிலோமினாவும் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். காவலாளி ஒரு பெண்ணை அழைத்துவந்தார். அரக்கு நிறத்தில் சரிகை போட்ட புடவை. தலை நிறையக் கனகாம்பரம். ஏதோ விழாவுக்கு வந்தவள் என்று நினைத்து எழுந்தேன். அருகில் வந்த பிறகுதான் கஸ்தூரி என்று தெரிந்தது. முகத்தில் பவுடர், அதில் வியர்வையும் கண்ணீரும் கோடு கோடாக இறங்கியிருந்தன.

"யக்கா, செல்வி" என்றாள். பிலோமினாவின் கையைப் பிடித்து கேட்டை நோக்கி இழுத்தாள்.

ஆட்டோவில் போகும்போது பேசினாள். வழியெல்லாம் லாரிகள். ஆட்டோ நகர்ந்து நகர்ந்து நின்றது.

"அதுங்க வூட்லேர்ந்து தட்ற சத்தம் வந்துச்சிக்கா. செல்வியே தட்டுது. நான் இன்னா நெனச்சேன், கேமராக்காரன் வந்துட்டான், அது நம்மள கூப்டுதுன்னு. எல்லாரும் அதான் நெனச்சோம். ஜல்தியா பொடவ மாத்துங்கடின்னு நான்தான் கொரல் குடுத்தேன். பவுடர் பூசிகினு இருந்தேன்க்கா. அது தட்டுது, நான் பூசிகினு கீறேன். பூ வச்சேன். சத்தம் நின்னுட்ச்சி. அய்யய்யோ, எடுத்து முட்ச்சிட்டாங்கடின்னு ஓடுனேன்."

பிலோமினாவின் கை ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்தது.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். துறைமுக வாசலில் கூட வேலை செய்கிறவர்கள் தாஸைச் சில நாட்களாகக் கிண்டல் செய்திருக்கிறார்கள். "இன்னா மாமு, ஒம் பொண்டாட்டி அடி வாங்கற படத்துல நடிக்குதாமே? அப்போ வூட்ல நீ அடிக்கிறது நெசந்தானா?" அவன் பதில் பேசாமல் இருந்திருக்கிறான். அன்று குடித்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தான். அடிக்காதவன் என்று பெயரெடுத்தவன் அடித்தான். அவன் அடிப்பான் என்று சந்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்த்திருக்க மாட்டாள். வழக்கப்படி பக்கத்து வீட்டுக்காரிதான் தட்ட வேண்டும். ஆனால் ஹாரன் சத்தத்தில் அடி விழுவது யார் காதிலும் விழவில்லை. அதனால் அவளே தன் அன்னக்கூடையை எடுத்துத் தட்டியிருக்கிறாள். அவன் அதைப் பிடுங்கி, அவளைத் தள்ளினான். அம்மிக்கல்லில் தலை மோதியது.

அரசு மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் அந்தச் சந்துப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். பச்சை, ஊதா, மஞ்சள். சரிகை பளபளத்தது. பூ மணம், மருந்து நெடி. கடந்துபோன ஒருவர் நின்று, "என்னம்மா, கல்யாணத்துலேர்ந்து வர்றீங்களா?" என்று பரிவோடு கேட்டார். ஒருத்தி தன் தலையிலிருந்து பூவை மெதுவாக எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

செல்வி மறுநாள் விடியும்முன் போய்விட்டாள்.

மூலக்கொத்தளம்

மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட்டார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். பிலோமினா மட்டும் போனார். நான் சுடுகாட்டு வாசலில் நின்றேன். பறைச் சத்தம் நின்ற பிறகு அவர் வெளியே வந்தார்.

சந்துக்குத் திரும்பினோம். சாவுக்குப் போய்வந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டு படியேற வேண்டும். அன்று தண்ணீர் லாரி வரவில்லை. யார் வீட்டிலும் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. பிலோமினா காலில் மண்ணோடு தெருவிலேயே உட்கார்ந்தார். எதிரே செல்வியின் வீடு பூட்டிக் கிடந்தது. தாஸைப் போலீஸ் கொண்டுபோயிருந்தது.

கஸ்தூரி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலு செருப்படி அடிச்சிடுக்கா என்னை" என்றாள்.

"எதுக்குடி? நீ எப்பவும் போல நல்ல பொடவ கட்டிகினே. நான்தான் நெசத்த வெளையாட்டா ஆக்கிட்டேன்."

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். இயக்குநர் பேச்சின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒருநாள் பிலோமினாவை அழைத்து, இன்னும் ஒரு பருவம் தங்கலாம் என்றார். படத்தின் முடிவில் செல்வியின் பெயரைப் போடலாம் என்றார்.

"படத்த யாருக்கும் காட்டாதீங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கல" என்றார் பிலோமினா.

"பார்க்கலாம்" என்றார் இயக்குநர். அந்த நேரத்தில் அவர் மனதார அப்படித்தான் நினைத்தார் என்று நம்புகிறேன்.

பிலோமினா பருவம் முடியும் முன்பே போய்விட்டார். அறைச் சாவியை என் கையில் தரவில்லை. பலகையில் அதற்குரிய கொக்கியிலேயே சரியாக மாட்டிவிட்டுப் போயிருந்தார். அறையைத் திறந்தபோது இறால் வாசனை அப்படியே இருந்தது. பெருக்கும் பெண் அன்று மூக்கைச் சுளிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துக் காசிமேட்டில் அவரைப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெளுத்திருந்தன. அன்னக்கூடை நிறைய உரித்த இறால்.

"இப்பவும் தட்டுகிறீர்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போன மாசம் ஒரு வூட்ல அடி. ஒருத்தி தட்டுனா. எல்லாரும் அவங்கவங்க வாசல்லயே வந்து நிக்கிறோம். ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாக்கறோம். நெசந்தானா, இன்னான்னு. அடி வாங்கனவ கை ஒடிஞ்சப்புறம்தான் போனோம்." ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினார். "சத்தம் செத்துட்ச்சி டீச்சர். இது இப்ப எறாக்கூடைதான்."

அரங்கம்

ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் நல்கையாளர்களை வரவேற்கும் நாளில் அந்தப் படத்தைத் திரையிடுகிறார்கள். தொடக்கத்தில் இயக்குநரிடம் போய், பிலோமினா கேட்டுக்கொண்டதை நினைவூட்டினேன். "இதைப் பார்த்துட்டு எங்கெங்கேயோ பெண்கள் தட்ட ஆரம்பிச்சிருக்காங்க. அதை எப்படி நிறுத்தறது, சொல்லுங்க?" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருந்தால், நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்பதும் தெரியாது. அதன்பின் நான் எதுவும் சொல்லவில்லை.

விடுதிப் பொறுப்பாளர் என்பதால் நான் அங்கே இருந்தாக வேண்டும். கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்காருவேன். விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். யார் முகமும் தெரிவதில்லை.

திரையில் கரண்டி அன்னக்கூடையில் படுகிறது. நல்ல புடவையில் பெண்கள் ஓடிவருகிறார்கள். கஸ்தூரியின் பவுடர் வெயிலில் மின்னுகிறது. பிலோமினா அந்த வாசலில் நின்று, தாகமா கீது, தண்ணி குடு என்கிறார். உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து செல்வி சொம்போடு வருகிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். படியைத் தாண்டுகிறாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். படம் அங்கே முடிகிறது. அவள் பெயர் வருகிறது.

அரங்கம் கைதட்டுகிறது.

நான் எழுந்துவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எழுந்துவிடுகிறேன். தட்டினால் எழுந்து வர வேண்டும் என்று பிலோமினா சொல்லியிருந்தார். எங்கே போவது என்று தெரியாமல், இருட்டில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.